சொல்லக்கூடாத வார்த்தை

அந்த வீட்டின் குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.

ஒன்பது வருடங்களுக்கு முன் அந்தக் கதவை உடைத்துத் திறந்து, மகனைத் தனி ஆளாக வெளியே இழுத்துப் போட்டவள் அம்மா. அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் உள்ளே ஆள் இருப்பது தெரியப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். தங்கைக்குப் பாட்டு வராது. டிரைவிங் ஸ்கூலில் தான் சொல்லிக்கொடுப்பதையே உரக்கச் சொல்லிக்கொண்டு குளிப்பாள். "கிளட்ச்சை மிதி... கியரைப் போடு... மெதுவா விடு, மெதுவா..."

தாழ்ப்பாளோடு சேர்த்து ஒரு வார்த்தையையும் அம்மா கழற்றி வைத்துவிட்டாள். சாவு என்ற சொல் அந்த வீட்டில் வரக்கூடாது. கார் பேட்டரி செத்துப்போச்சு என்றுகூடத் தங்கை சொல்ல முடியாது. பேட்டரி இறங்கிடுச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் இரண்டு வாரத்துக்கு முன் அந்தச் செய்தி வந்து நுழைந்தது. அண்ணனின் ஒரே நண்பன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்று.

அண்ணனுக்கும் அவனுக்கும் ஒரே வியாதி. மனச்சிதைவு. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்கள். அவனுடையது ஜன்னலை ஒட்டியது. அண்ணனுடையது கதவை ஒட்டியது. அதனால் இவனுக்கு அவன் ஜன்னல், அவனுக்கு இவன் கதவு. வெளியே வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. காதில் கேட்கிற குரல்களுக்கு இருவரும் 'வாடகைக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "என் வாடகைக்காரன் இன்னிக்கு ஓவர் சத்தம்டா." "என் ஆளு வாடகையும் தர மாட்டேங்கிறான், காலியும் பண்ண மாட்டேங்கிறான்." போனில் இப்படிப் பேசி இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா முகம் சுளிப்பாள்.

நண்பனின் மனைவி தங்கைக்குத்தான் போன் செய்து சொன்னாள். தங்கை அம்மாவிடம் சொன்னாள். அம்மா மகள் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள், அவனுக்குத் தெரியக்கூடாது என்று.

அந்தச் சத்தியம் இன்று காலை வரை உடையவில்லை.

*

"இன்னிக்கும் எடுக்கலை" என்றான் அண்ணன், போனை மேசைமேல் கவிழ்த்து வைத்து.

"எங்கேயாவது வேலையா போயிருப்பான். நீ சாப்பிடு" என்றாள் அம்மா.

"ரெண்டு வாரமாவா?"

"போன் தொலைஞ்சிருக்கும். எல்லாரும் உன்னை மாதிரி பத்திரமா வெச்சிருப்பாங்களா?"

தங்கை டீ கிளாசுக்குள் பார்த்தாள். அம்மா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இந்த இரண்டு வாரத்தில் அது தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

"போன்லதான் வரலை. ஆனா பேசறான்" என்றான் அண்ணன்.

"யாரு?"

"ஜன்னல்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லம்மா. கனவு."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"வாயைத் திற."

முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். பிறகு டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு லாண்டரி வேலைக்குக் கிளம்பிப் போனான்.

வாசலில் தங்கை அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, இன்னிக்குச் சொல்லிடலாம்மா. அவனுக்குச் சந்தேகம் வந்தாச்சு."

"வந்தா வரட்டும். சந்தேகத்துல யாரும் சா..." அம்மா தன் வார்த்தையைத் தானே கடித்து விழுங்கினாள். "உண்மை தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்டி."

"இப்ப மட்டும் தாங்கறானா? முகத்தைப் பார்த்தியா?"

"அன்னிக்குக் கதவை உடைச்சது நீ இல்லை. நான்."

அந்த வாக்கியத்துக்கு இந்த ஒன்பது வருடத்தில் தங்கை பதில் கண்டுபிடித்ததில்லை.

*

"சார், அது பிரேக் இல்லை. அது கிளட்ச்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சே மிதிக்கிறீங்களா?"

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆகிறது. வாங்கிய வாரமே ஒரு மதில்சுவரில் மோதினார். அதற்குப் பிறகு காரைத் தொடவில்லை. இப்போது மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் மறுபடி கற்றுக்கொள்ள வந்திருந்தார். அடுத்தவர் வாய்க்குள் கத்தியை விடும்போது நடுங்காத கை, கியரைத் தொட்டால் நடுங்கியது.

தங்கை பக்கத்து இருக்கையில் இருந்தாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. "ஆபத்துன்னா நான் இருக்கேன், நீங்க தைரியமா ஓட்டுங்க" என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்வது அவள் தொழில்.

மார்க்கெட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. லாண்டரி சூப்பர்வைசர்.

"உங்க அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாராம்மா?"

"இல்லையே. ஏன்?"

"சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். ரோலர் மெஷின்ல பெட்ஷீட் விடறதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும். இவர் ஒரு முனையை அப்படியே கீழ விட்டுட்டு நடந்துட்டார். இத்தனை வருஷத்துல அவர் ஒரு நாளும் அப்படிப் பண்ணினவர் இல்லை. அதான் கூப்பிட்டேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரே. நண்பன் கூப்பிடறான், போயிட்டு வரேன்னார். போன் வந்திருக்கும்னு நினைச்சேன்."



"சார், ஓரமா நிறுத்துங்க."

"எப்படி மேடம்?"

அவளே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. "சார், ஒரு அவசரம். நீங்க இங்கேயே இறங்கி ஆட்டோ பிடிச்சுக்குங்க. மன்னிச்சுக்குங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். இறங்கினார். அவள் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்ததும், சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"உங்க முகம் சரியில்லை. தனியாப் போகாதீங்க. நான் பேசாம வரேன்."

*

நண்பனின் வீடு ஊரின் மறுகோடி. நடுவில் ஒரு ரயில்வே கேட். எந்த அவசரத்துக்கும் அது மூடித்தான் இருக்கும். இன்றும் மூடித்தான் இருந்தது. தங்கை அண்ணனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். கடைசியில் ரயில்தான் வந்தது.

சரக்கு ரயில். பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

"அண்ணனா?" என்றார் டாக்டர் மெதுவாக, அவள் போன் திரையைப் பார்த்து.

"ஆமா. அவனோட நண்பன் தவறிட்டான். நாங்க சொல்லாம மறைச்சுட்டோம்."

டாக்டர் ஸ்டியரிங்மேல் இருந்த அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, ரயிலைப் பார்த்தார்.

நண்பனின் வீடு ஒரு குறுகிய சந்தில், இரண்டாவது மாடியில். டாக்டர் சந்து முனையில் காரிலேயே இருந்தார். படி ஏறும்போதே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பள்ளிச் சீருடைகள் தைப்பவள் நண்பனின் மனைவி. அறை முழுக்க ஒரே நிறத்தில் சின்னச் சின்னச் சட்டைகள். தங்கையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"வந்துட்டுப் போயிட்டார்க்கா."

"எப்ப?"

"கொஞ்ச நேரம் முன்னாடி. கதவைத் திறந்தேன். 'அவன் உள்ள இருக்கானா, கூப்பிட்டான்'ன்னார். எனக்கு ஒண்ணுமே புரியலை. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே, அவருக்குத் தெரியும்னுதானே நினைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "நீங்க சொல்லலையாக்கா?"

தங்கை தலையைக் குனிந்தாள்.

"அப்ப நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. இந்த வாசல்லயே நின்னு கேட்டார். அழலை. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. 'நான் இத்தனை தடவை கூப்பிட்டேனே, அவன் என்னைக் கூப்பிடலையே'ன்னார். மனசு கேக்காம, எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டார்னு சொன்னேன்."

"எப்பக் கூப்பிட்டார்?"

"அவர் போன அன்னிக்கு ராத்திரிதான். அண்ணன் போன் ஆஃப்ல இருக்குன்னு உங்க வீட்டு நம்பருக்குப் போட்டார். நான் இந்த மெஷின்ல உக்காந்திருந்தேன். சரியாக் கேக்கலை. யாரோ ஒரு பொம்பளைக் குரல். கொஞ்ச நேரம் பேசிட்டு வெச்சுட்டார். நீங்கதான்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்."



இரவு உணவு முடிந்ததும் மகனின் போனை அணைத்து, தன் பீரோவில் வைத்துப் பூட்டுவது அம்மாவின் வழக்கம். தூக்கம் கெட்டால் வியாதி கூடும் என்று. வீட்டு நம்பர் அடித்தால் எடுப்பவளும் அவள்தான்.

"இதையும் அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேனே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கலை. இந்த ரெண்டு வாரமா ஆளாளுக்கு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து என் வாசல்ல கொட்டிட்டுப் போறாங்க. வேலை போனதுதான் காரணம்கிறாங்க. மாத்திரையை நிறுத்தினதுதான்கிறாங்க. நான் போட்ட சண்டைதான்னு அவங்க அம்மா சொல்றாங்க. எது நிஜம்னு எனக்குத் தெரியலை. ஒண்ணா இருக்காதுக்கா, ஒம்பது இருக்கும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். முன்னெல்லாம் மனசுல இருக்கறதைச் சொல்வார். நான் அழுதேன். நான் அழறேன்னு சொல்றதை நிறுத்திட்டார். நானும் அவர் வருத்தப்படுவார்னு கேக்கறதை நிறுத்திட்டேன். ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டிருந்தோம்."

தங்கை அவள் தோளைத் தொட்டாள். அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"எந்தப் பக்கம் போனார்?"

"பஸ் ஸ்டாப் பக்கம். ஓடுங்கக்கா."

*

அண்ணன் பஸ் ஸ்டாப்பின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். தங்கை ஓடி வருவதைப் பார்த்தும் அவன் அசையவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு பஸ் வந்து, கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் முனகிக்கொண்டே போயிற்று.

"ஏறணும்னு எழுந்திரிக்கிறேன்" என்றான் அண்ணன். "எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலை. திரும்ப உக்காந்துடறேன்."

"அண்ணா..."

"நீதானே எடுத்தே?"

தங்கைக்கு அந்தக் கணத்தில் ஒரு பொய் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் போதும். கோபம் தன்மேல் விழும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். காலையும் மாலையும் அவனுக்குச் சோறு போடுகிற, அவன் தூங்கும்வரை தூங்காத அம்மாவாவது அவனுக்கு மிஞ்சுவாள். இன்றைக்கு அவனுக்கு யாராவது ஒருத்தர் முழுதாக மிஞ்ச வேண்டுமே.

ஆனால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளின் முகம் கண்ணுக்குள் நின்றது.

"நான் இல்லண்ணா."

அவன் சாலையைப் பார்த்தான். ஒரு சைக்கிள் போயிற்று. ஒரு தண்ணி லாரி போயிற்று.

"வீட்டுல பொம்பளைங்க ரெண்டே பேர்" என்றான்.

"ஆமா."

"ஓ."

அவ்வளவுதான் சொன்னான். அந்த 'ஓ'வுக்குப் பயந்து தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். லாண்டரி வெந்நீரில் ஊறி ஊறித் தடித்த கை. குளிர்ந்துபோயிருந்தது.

"ஏன் குட்டி எனக்குச் சொல்லலை?"

முப்பத்துநாலு வயதிலும் அவள் அவனுக்குக் குட்டிதான்.

"நீ தாங்க மாட்டேன்னு பயந்துட்டோம்."

"தாங்கலைதான். நண்பன் போயிட்டான், எப்படித் தாங்கறது? அது வேற விஷயம்." அவன் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "ஆனா நீங்க மறைச்சதால என்ன ஆச்சு தெரியுமா? பத்து நாளா அவன் குரல்ல கேக்குது. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. வா, வான்னு. அவன் எங்கேயோ உயிரோட இருக்கான், கஷ்டத்துல இருக்கான், நான் போகாம இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவன் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா, டேய் இது வாடகைக்காரன் வேலைடான்னு நானே கண்டுபிடிச்சிருப்பேன்ல? அதைத்தானே இத்தனை வருஷமா டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க? நீங்க ரெண்டு பேரும் அதை என் கையிலேர்ந்து பிடுங்கிட்டீங்க."

அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரி.

"தப்புதான் அண்ணா" என்றாள். பிறகு, "இப்பவும் கேக்குதா?"

"ம்."

"என்ன சொல்லுது?"

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். காலையில் அம்மாவின் முகத்தைப் பார்த்து 'ஒண்ணுமில்லம்மா, கனவு' என்று சொன்னானே, அதே இறுக்கம். இப்போது தன் முகத்தையும் அவன் அப்படித்தான் அளந்து பார்க்கிறான் என்று தங்கைக்குப் புரிந்தது. இந்தப் பாரத்தை இவள் தாங்குவாளா என்று.

அவள் அழவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அந்த வீட்டில் ஒன்பது வருடமாக யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"அண்ணா, சாகணும்னு தோணுதா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

வானம் இடிந்து விழவில்லை. எதிர்க்கடைக்காரர் வாழ்க்கையில் ஒன்றும் நடக்காததுபோல் தட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டதே இல்லை" என்றான்.

"எனக்கும் வாய் கூசுது. ஆனா கேக்கறேன். தோணுதா?"

"தோணுது."

"இன்னிக்கா?"

"ஒரு வாரமா. எனக்கு ஆசையெல்லாம் இல்லை குட்டி. அலுப்பா இருக்கு. என்னால அம்மா தூங்கறதில்லை. என்னால உனக்கு ஒரு கல்யாணம் ஆகலை. அதையும் அந்தக் குரல்தான் எடுத்துக் குடுக்குது. நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு நிம்மதியா குளிக்கலாமேன்னு."

"லூசு" என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அது சர்ட்டிபிகேட்லயே இருக்கு."

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் கை அவள் கைக்குள் திரும்பி, அவள் விரல்களைப் பற்றியது. அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. துடைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"கல்யாணம் ஆகாததுக்கு நீ காரணம்னு யாரு சொன்னா? வந்த மாப்பிள்ளைங்களைப் பார்த்தேல்ல. அதை விடு. ஏதாவது பண்ணிக்கணும்னு யோசிச்சு வெச்சிருக்கியா? எங்கிட்ட சொல்லு. நான் கத்த மாட்டேன்."

அவன் சொன்னான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் கையை விடவில்லை. அதற்கு வழியில்லாமல் செய்ய வீட்டில் என்னென்ன அப்புறப்படுத்த வேண்டும் என்பதை மட்டும் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

சொல்லி முடித்ததும் அவன் பெருமூச்சு விட்டான். ஏதோ மூட்டையை மாடிவரை தூக்கி வந்தவன் இறக்கி வைத்ததுபோல.

"இப்பவே டாக்டரம்மாகிட்ட போகலாம்" என்றாள்.

"வரேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே."

"சொல்லுவேன் அண்ணா. மறைச்சு மறைச்சு நாம பட்டது போதும்."

அவன் யோசித்தான். சரி என்று தலையை ஆட்டினான்.

கார் கதவைத் திறந்ததும் முன்னால் ஒரு புது மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அண்ணன் தயங்கினான். "இவர் யாரு?"

"பல் டாக்டர்."

"எனக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

தங்கை அவனோடு பின்னிருக்கையில் ஏறினாள். அவன் கையை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணாடியில் டாக்டரைப் பார்த்தாள். "சார், உங்களால முடியுமா?"

டாக்டர் ஸ்டியரிங் பக்கம் இடம் மாறி உட்கார்ந்தார். வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். பின்னால் வந்த எல்லா வண்டியும் திட்டியது. ஒரே ஒரு முறை எஞ்சின் நின்றது. "கிளட்ச்" என்றாள் தங்கை பின்னாலிருந்து. "தெரியும் மேடம்" என்றார் அவர்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் அவனிடம் தனியாகப் பேசினார். பிறகு தங்கையை உள்ளே கூப்பிட்டார்.

"மாத்திரையை மாத்தி எழுதறேன். சில நாள் இங்கேயே தங்கட்டும்னு சொன்னேன். சம்மதிச்சிருக்கார். அவரா வந்து பேசினது பெரிய விஷயம்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரி அந்தக் குரல் வந்து வா வான்னு கூப்பிட்டா யாரை எழுப்புவீங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். பழக்கத்தில் நண்பனின் பெயர் வாய்வரை வந்திருக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டது. அப்போதுதான், நண்பனின் வீட்டு வாசலில் அழாதவன், மேசைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதான்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. தங்கையும்தான்.

அழுகை ஓய்ந்ததும், "என்னை எழுப்பு" என்றாள் தங்கை.

"நீயா? கும்பகர்ணனுக்கு அக்காவாச்சே நீ."

"தண்ணியை மூஞ்சில ஊத்தி எழுப்பு."

"அம்மாவையும் எழுப்பலாம்ல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வராந்தா பெஞ்சில் இருவரும் படுக்கைக்காகக் காத்திருந்தார்கள். தங்கை அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். எதையும் விடாமல். மறுமுனையில் போன் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

வராந்தாவின் கோடியில் அம்மா வந்தாள். ஒரு காலில் தன் செருப்பு. இன்னொரு காலில் மகனுடைய பெரிய செருப்பு. அது அவளுக்கே தெரியவில்லை. பெஞ்சுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டாள். நெருங்கவும் இல்லை, போகவும் இல்லை. வழிநெடுக மனப்பாடம் செய்துவந்த சமாதானங்கள் எல்லாம் மகனின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் மறந்துபோனது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா" என்றான் அண்ணன். "அவன் என்ன சொன்னான்?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கண்ணைத் தாழ்த்தவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை.

"நீ தூங்கறேன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "நீ தூங்கலை. பக்கத்து ரூம்ல முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தே. எனக்குத் தெரியும். அவன் குரல் சரியில்லைன்னும் தெரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் பேசினா ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்டா. என் பிள்ளையை மட்டும்தான் நினைச்சேன். அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைன்னு நினைக்கலை. அவன் பொண்டாட்டி பக்கத்துலதானே இருக்கான்னு மனசைத் தேத்திக்கிட்டு வெச்சுட்டேன்."

வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் கிரீச்சிட்டுக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை அண்ணன் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் முகத்தில் கோபம் இருந்தது. அது மறைவதாகத் தெரியவில்லை. தங்கை அவன் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நான் கேட்டது அது இல்லம்மா. அவன் என்ன சொன்னான்?"

அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். பிறகு எடுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான். மறக்காம சொல்லணும்னு ரெண்டு தடவை சொன்னான். நான் சரி சரின்னேன். சொல்லலை."

அண்ணன் பெஞ்சின் மேலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தான். இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"உக்காரு. இப்பச் சொல்லு."

அம்மா உட்கார்ந்தாள். மகனின் கையைத் தொடப் போய், தொடாமல் தன் மடிக்கே கையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, இரண்டு வாரமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததை, ஒரு வார்த்தை மாறாமல் சொல்ல ஆரம்பித்தாள்.